சுகருக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்

மலேசியா போகலாம் என்று முடிவானதும் எங்கள் வீட்டில் முதலில் துணி மடித்து வைத்தவர் என் அப்பா, நைனாதான். புறப்பட இன்னும் எத்தனையோ வாரம் இருந்தது. திண்டிவனம் ரூட்டில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஊரையே ஏற்றி இறக்கியவர், விமானத்தை மட்டும் அண்ணாந்து பார்த்ததோடு சரி. அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். நான், என் வீட்டுக்காரர், பையன், நைனா, எல்லாருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. பயணக் காப்பீடு ஒன்றுதான் பாக்கி.

அதற்காக ராத்திரி பகல் பார்க்காமல் போனை நோண்டி, ஆகக் குறைந்த திட்டம் ஒன்றைப் பிடித்துவிட்டேன். என்னமோ கோட்டையையே பிடித்துவிட்டது போல ஒரு மிதப்பு. செஞ்சி கடைவீதியில், போட்டோ ஸ்டூடியோ மாடியில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நைனாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். நைனாவின் முறை வந்தது.

“ஐயா, முன்பே இருந்த நோய் ஏதாவது?”

“முன்ன இருந்துச்சும்மா, சுகரு. இப்ப இல்ல. மாத்திர போட்டுக்கறேன்.”

“மாத்திர போட்டா நோய் இருக்குதுன்னுதான் அர்த்தம் ஐயா.”

“மாத்திர போட்டா இல்லன்னு அர்த்தம். இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் அடுத்துச் சொன்னதில் அது அடங்கிப்போனது. நான் பிடித்த திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு ஒன்றும் கிடையாதாம். போன இடத்தில் நைனா சர்க்கரையால் மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க எங்கள் தலையில். சர்க்கரையையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம் வேறு இருக்கிறது. அதற்கு நைனாவுக்கு மட்டும் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

“சுகரு இல்லன்னே போட்டுக்கம்மா” என்றார் நைனா.

“மறைச்சா, அப்பறம் எதுக்குமே தரமாட்டாங்க ஐயா.”

நைனா என் பக்கம் திரும்பினார். “அப்ப நான் எறங்கிக்கறேன். நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க. வூட்ட பாத்துக்கவும் ஆளு வேணுமில்ல.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெட்டிக்குள் அவர் மடித்து வைத்திருந்த புது வேட்டி கண்முன்னால் வந்து நின்றது. இவரை விட்டுவிட்டு எந்த ஊரைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

“நைனா, உன் பஸ்ல வல்லத்துல ஒருத்தன் மல்லாட்ட மூட்டையோட ஏறுறான். நீ இன்னா பண்ணுவ?”

“லக்கேஜ் டிக்கெட் போடுவேன்.”

“அவன் மூட்டைய மறைச்சி வெச்சிக்கினா?”

“செக்கிங் வந்தா மாட்டிப்பான். எனக்கும் மெமோ குடுப்பாங்க.”

“அப்ப மூட்ட இருக்குதுன்னு ஆளயே எறக்கி உட்டுடுவியா?”

நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நானா? ஏத்துன ஆள ஒருநாளும் நடுவழியில எறக்கி உட்டதில்ல. காசு இல்லன்னா என் கையிலேர்ந்து போட்டு கூட்டினு போயிருக்கேன்.”

“அப்ப நான் மட்டும் உன்ன எறக்கி உட்டுட்டுப் போவணுமா?”

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நைனா அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

“லக்கேஜ் இருக்குதும்மா. சுகருக்கு டிக்கெட் போட்டுடு.” கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “பிரஷரும் இருக்குது. அதையும் சேத்துக்க.”

பிரஷர் இருக்கிற சங்கதி எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாடிப்படி இறங்கி முடிக்கும்வரை அதற்காக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பிடித்த கையை மட்டும் விடவில்லை.