வராத நட்சத்திரத்துக்கு ஒரு நாற்காலி

எங்கள் பால்டிமோர் தெருவில் பனி கொட்டி ஓய்ந்ததும் முதலில் வெளியே வருவது மண்வாரி, அடுத்து வருவது நாற்காலி. முதுகு ஒடியப் பனியை அள்ளித் தன் காருக்கு இடம் உண்டாக்கியவர், வேலைக்குக் கிளம்பும்போது அந்தக் குழியில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்வரை இடம் அவருடையது. இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நகராட்சி இதை ஒப்புக்கொண்டதும் கிடையாது. ஆனாலும் தேவாலயத்து உண்டியலில் கைவைக்கத் துணிந்தவன்கூட அந்த நாற்காலியில் கைவைக்க மாட்டான். பிளாஸ்டிக் நாற்காலிதான், சின்னக் காற்று அடித்தால் கவிழ்ந்துவிடும். லாரிகள்கூட அதற்கு ஒதுங்கிச் சுற்றிப் போகும்.

இந்தத் தர்மத்தில் ஊறி வளர்ந்த வெர்லீன் ப்ராக்டர் அம்மையாரிடம்தான் மனிதகுலம் தன் விலையுயர்ந்த கண்ணை ஒப்படைத்திருந்தது.

விண்வெளியில் மிதக்கும் தொலைநோக்கி எந்த நேரத்தில் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று வாராவாரம் அட்டவணை போடும் சிலரில் அவர் ஒருவர். அதற்கு முன்பு ஒரு பல் டாக்டரிடம் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவர் தீர்ப்பு.

"அங்க பல்லு வலின்னு அழுதாங்க. இங்க கேலக்சின்னு அழுறாங்க. நாளைக்கே வேணும்னு ரெண்டு கூட்டமும் ஒத்தைக் கால்ல நிக்கும், கண்ணு."

வெர்லீனுக்கு எல்லோரும் கண்ணுதான். நோபல் பரிசு வாங்கியவர் வந்து நின்றாலும் கண்ணுதான், வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஒரு ஜனவரியில் இனேஸ் கல்தேரா என்ற வானியல்காரப் பெண் அவர் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். மூன்று வருடமாக ஒரே ஒரு நட்சத்திரத்தின் மரணத்தைக் கணக்குப் போட்டுக் கண்ணுக்குக் கீழே கருவளையம் வாங்கியவள்.

"இது வெடிச்சுச் செத்த நட்சத்திரம், வெர்லீன். நாம பார்க்க மூணு தடவை செத்துடுச்சு. நாலாவது தடவை சாகப்போகுது. அந்த நேரத்துக்கு இடம் பிடிச்சு வைக்கணும்."

"மூணு தடவை செத்தவரைப் பத்தி எங்க பாஸ்டர்கிட்ட சொல்லணும் கண்ணு, எங்கிட்ட இல்ல."

இனேஸ் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டாள். பின்னால் நட்சத்திரம், முன்னால் நாம், நடுவில் ஒரு பெரிய கேலக்சிக் கூட்டம். அந்தக் கூட்டத்தின் கனத்தில் விண்வெளியிலேயே பள்ளம் விழுந்து கிடக்கிறது. அதனால் வெளிச்சம் பல வழிகளில் வளைந்து வருகிறது.

"துறைமுகத்துக்கு அடியில சுரங்கப் பாதையில வர்றவன் முதல்ல வருவான். சுத்துச் சாலையில வர்றவன் அப்புறம் வருவான். கிளம்பினது ஒரே வீடு, ஒரே நேரம். கொண்டுவர்றதும் ஒரே சாவுச் சேதி."

"நாலாவது ஆளு?"

"அவன் வழி ரொம்பப் பள்ளமானது. கனம் ஜாஸ்தி. அங்க நேரமே மெதுவாத்தான் ஓடும்."

"எங்க கர்டிஸ் மாமா மாதிரி. அடக்கத்துக்குக் கூப்பிட்டா, சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவுறப்ப வந்து நிப்பாரு."

கர்டிஸ் மாமா எந்த வாரம் வருவார் என்பதில்தான் சண்டை. கேலக்சிக் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களையெல்லாம் சேர்த்து எடை போட்டாலும் அந்தப் பள்ளத்துக்குக் கணக்குப் போதாது. மீதிக் கனம் எதனுடையது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அது எங்கெங்கே குவிந்திருக்கிறது என்று ஊகித்து ஆளுக்கொரு வரைபடம் வைத்திருந்தார்கள். இனேஸின் வரைபடத்தில், ஒரு கேலக்சிகூட இல்லாத வெற்று இருட்டில் பெரிய கனம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றித்தான் நாலாவது வெளிச்சம் வர வேண்டும், அதனால்தான் தாமதம் என்றாள்.

அதே மாடியில் இருந்த டாக்டர் வின்ஸ்லோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்துக் கேலக்சிகளை ஆராய்ந்து பெரும்பேர் எடுத்த மனிதர். நடக்கும்போதுகூட மேற்கோள் காட்டப்படுகிறவர்போல நடப்பார்.

"அங்க ஒண்ணுமே இல்ல. நாலாவது போன வருஷமே வந்து, யாரும் பார்க்காம அணைஞ்சு போயிருக்கும்" என்றார். தெரியாத ஒன்றை இல்லை என்று சொல்லிவிடுவது படித்தவர்களுக்கே உரிய பெருந்தன்மை.

நேரம் ஒதுக்கும் குழு கூடிப் பேசி, வாரம் ஒருமுறை சிறிது நேரம் அந்தத் திசையைப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தது. அதுவும் மார்ச் வரைக்கும்தான். அதன் பிறகு சூரியன் அந்தப் பக்கமாக வந்துவிடும். தொலைநோக்கி சூரியன் இருக்கும் பக்கம் திரும்பக் கூடாது, கண் போய்விடும். வெர்லீன் வாராவாரம் இனேஸுக்கு இடம் ஒதுக்கினார். வாராவாரம் படம் வந்தது. வாராவாரம் அந்த இடத்தில் நல்ல தரமான இருட்டு இருந்தது.

பிப்ரவரியில் நிலையத்தின் இயக்குநர் ஒரு புதிய மென்பொருள் வரப்போவதாகச் சொன்னார். அட்டவணையில் யாராவது பிடித்து வைத்திருக்கும் இடத்தைக் கண்டால் அது தானே பறித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். இந்த வெறும் காத்திருப்பு மார்ச்சிலும் வெறுங்கையோடு முடிந்தால், இடம் பிடித்து வைக்கும் அதிகாரம் மென்பொருளுக்கே என்று அறிவித்தார். வெர்லீனின் வேலை போகாது, அவர் சொல்தான் போகும். எங்கள் தெருவில் அதைவிட வேலை போவது மேல் என்பார்கள்.

வின்ஸ்லோ நேரிலேயே வந்தார்.

"வெர்லீன், வாராவாரம் காலி இருட்டைப் படம் பிடிக்கிறோம். அருமையான கேலக்சி ஒண்ணு வாசல்ல காத்து நிக்குது."

"நிக்கட்டும் கண்ணு. கோடிக்கணக்கான வருஷமா நிக்குது. இன்னொரு வாரம் நின்னா கால் வலிச்சுடாது."

"இருக்கிறதுக்கு இடமில்ல, இல்லாததுக்கு இடமா?"

"டாக்டர், உங்களுக்கு எந்த ஊரு?"

"கலிஃபோர்னியா."

"அதான் பார்த்தேன். பனி அள்ளினது இனேஸ். நாற்காலி போட்டது நான். அவ்வளவுதான் விஷயம்."

இதில் ஏதாவது கணிதம் இருக்கிறதா என்று வின்ஸ்லோ இரண்டு நாள் யோசித்ததாகக் கேள்வி.

மார்ச் நடுவில் எங்கள் தெருவில் பனி கரைந்தது. ஒரு மாலை வெர்லீன் வேலை முடிந்து வந்தபோது, மூலையில் மீன் வறுத்து விற்கும் ஸ்டாவ்ரோஸ் தன் கடை வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். இவர் 'ஏரி மீன்' என்று விற்பது எந்த ஏரியிலும் பிடிபடாத கடல் மீன். ஆனால் நியாயம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"வெர்லீன்! ரோடு காய்ஞ்சு கிடக்கு. நாற்காலிக்கு இன்னும் என்ன வேலை?"

"அய்யய்யோ."

"பனி போனா நாற்காலியும் போகணும். நீதானே எனக்குச் சொன்ன? போன வருஷம் என் நாற்காலியைத் தூக்கி என் கடைக்குள்ளயே வீசினியே!"

"வீசல, வெச்சேன்."

"கண்ணாடி உடைஞ்சுது!"

வாழ்நாளில் முதல்முறையாக வெர்லீன் இன்னொருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தன் பச்சை நாற்காலியை எடுத்தார். வீட்டு வாசலின் பளிங்குப் படிக்குப் பக்கத்தில் போட்டு அதிலேயே உட்கார்ந்தார். தெரு முழுக்கப் பார்த்தது. பனி போனால் நாற்காலி போக வேண்டும், அது சட்டம். அப்படியென்றால் மேலே வானத்தில் தான் போட்டு வைத்திருப்பது என்ன? நியாயமா, அடமா?

மறுநாள் இனேஸைக் கேட்டார். "உன் பனி கரைஞ்சுதுன்னு எப்பக் கண்ணு அர்த்தம்?"

இனேஸுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சொன்னாள். "சூரியன் அந்தப் பக்கம் வந்தா. இன்னும் ஒரு வாரம் இருக்கு. ஒரே ஒரு தடவை பார்க்கலாம்."

"அப்ப இன்னும் கரையல" என்றார் வெர்லீன். அன்று மாலை, அந்தக் கடைசி இடத்தையாவது விட்டுக்கொடுக்கும்படி இயக்குநரே தொலைபேசியில் கேட்டபோதும் அதையே சொன்னார். "உங்க மென்பொருள் வந்ததும் அதுகிட்டக் கேளுங்க சார். இந்த வாரம் நான்தான் இருக்கேன்."

கடைசிப் படம் ஒரு காலை வேளையில் இறங்கியது. திரைக்கு முன்னால் இனேஸ் உட்கார்ந்திருந்தாள், வெர்லீன் பின்னால் நின்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்போல வின்ஸ்லோவும் வந்திருந்தார்.

முதலில் கேலக்சிகள். நூற்றுக்கணக்கில், கரியில் கிடக்கும் கங்குகள்போல. அவற்றைச் சுற்றி வில்லாக வளைந்த மெல்லிய கோடுகள். அவையும் கேலக்சிகள்தான், பின்னால் இருப்பவை, பள்ளத்தில் வழுக்கி நீண்டு போனவை. இத்தனை வாரமாக இடம் மட்டும் பிடித்துக் கொடுத்த வெர்லீன் அன்றுதான் படத்தை முழுசாகப் பார்த்தார். "கடவுளே" என்றார்.

இனேஸ் போன வாரத்துப் படத்தையும் இந்த வாரத்துப் படத்தையும் மாற்றி மாற்றிப் போட்டாள். எல்லாம் அப்படியே இருந்தது. ஓரத்தில், இருட்டில், ஒரு புள்ளி மட்டும் வந்தது, போனது, வந்தது.



"அதுவா?" என்றார் வெர்லீன் மெல்ல.

இனேஸ் தலையாட்டினாள்.

நம் சூரியன் பிறப்பதற்கு முன்பே அந்த வெளிச்சம் கிளம்பியிருந்தது. பூமி கிடையாது, பால்டிமோர் கிடையாது, பல் வலி கிடையாது. கூடப் புறப்பட்ட மூன்றும் வந்து அணைந்துவிட்டன. இது மட்டும் எதையோ சுற்றிக்கொண்டு, தட்டுத் தடுமாறி, கதவு சாத்தப்போகும் வாரத்தில் வந்து நின்றது. இனேஸ் போட்ட கணக்கின்படியே வந்து நின்றது.

வின்ஸ்லோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "அப்ப அங்க இருக்கு" என்றார். அந்தக் குரலில் தோல்வி இல்லை. முதன்முதலாகக் கடலைப் பார்த்தவன் குரல் அது.

"என்ன இருக்கு? எனக்கு இருட்டுத்தான் தெரியுது" என்றார் வெர்லீன்.

"எங்களுக்கும் அதான் தெரியுது" என்றாள் இனேஸ். "என்னன்னு தெரியாது. கனம் மட்டும் தெரியும். வெளிச்சம் அதைச் சுத்தித்தான் வருது."

வெர்லீன் அந்த இருட்டையே வெகுநேரம் பார்த்தார்.

"யாரும் உட்காரல" என்றார். "ஆனா எல்லா வண்டியும் சுத்திப் போகுது."

வின்ஸ்லோ அவரைத் திரும்பிப் பார்த்தார். பனிக்கால நாற்காலி கலிஃபோர்னியாக்காரருக்கு அந்த நிமிடத்தில் புரிந்தது.

மென்பொருள் வராமல் இல்லை, வந்தது. ஆனால் பிடித்து வைத்த இடத்தில் அது கைவைக்கப் போனால், "வெர்லீனிடம் கேட்டீர்களா?" என்று திரையில் ஒரு வரி வரும்படி இயக்குநரே எழுத வைத்தார்.

அந்த வாரமே இனேஸ் இன்னொரு சேதி சொன்னாள். ஐந்தாவது வெளிச்சம் ஒன்று இருக்கிறது. கூட்டத்தின் நடுப்பள்ளத்தில் இறங்கி ஏறி வர அதற்கு இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். வெர்லீன் உடனே இடம் பிடிக்கப் பார்த்தார். மென்பொருள் மறுத்தது. அப்போது இந்தத் தொலைநோக்கியில் எரிபொருள் தீர்ந்திருக்கும் என்றது. மரியாதைக்காக, அப்போது வெர்லீனுக்கு என்ன வயதாகியிருக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் காரிலிருந்து அந்தப் பச்சை நாற்காலியை இறக்கி, கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே நடைபாதையின் நட்டநடுவில் போட்டார். ஐந்தாவது வர வேண்டிய வருடத்தை ஒரு தாளில் எழுதி முதுகில் ஒட்டினார். அதற்குக் கீழே, "அள்ளியது இனேஸ்."

வெர்லீன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நாற்காலி அங்கேயே இருக்கிறது. துடைக்கிறவர்கள் அதைச் சுற்றித் துடைக்கிறார்கள். வின்ஸ்லோ தினமும் காபிக் கோப்பையோடு கூட்டத்துக்கு அவசரமாக வருவார். நாற்காலியை நெருங்கும்போது அவர் நடை சற்று மெதுவாகும். பிறகு ஒதுங்கி, வளைந்து, போவார்.