துப்பத் தெரியாத செடிகள்

இலையைப் பறிக்கவில்லை. செடியோடு வைத்தே நிமிர்த்தி, நாக்கு நுனியால் ஓர் இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம். பிறகு ஓரமாகத் துப்பிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

“அண்ணி, உப்பைக் கண்ணாலகூடப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு” என்றாள் நாத்தனார், தண்ணீர்க் குழாயைச் சுருட்டியபடி.

“கண்ணால யாரு பாத்தா?”

அலையாத்தி நாற்றங்காலில் அவளுக்கு ‘மீட்டர்’ என்று பெயர். உப்பளக்கும் கருவி ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது, பெட்டிக்குள் பத்திரமாக. கடலோரச் சேற்றில் நிற்கப்போகும் செடி, வேர் குடித்த உப்பை இலை வழியே வெளியே தள்ளப் பழகியிருக்க வேண்டும். முதல் மாதம் நல்ல தண்ணீர். பிறகு பத்துக் குவளைக்கு ஒரு குவளை, கடல் ஏறி இறங்கும் ஓடையின் உப்புத் தண்ணீர், அப்புறம் இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போவாள். பழகிவிட்டதா என்று அவள் நாக்குதான் சொல்லும். சேற்றுக்கு மேலே மூச்சுவிட வேர்கள் பின்னாளில் விரல் விரலாக எழும்பும். அதில் அவளுக்குக் கவலையில்லை. “மூக்கை அதுவே வளத்துக்கும். துப்பறதுக்குத்தான் நாம பழக்கணும்.”

ரத்தக் கொதிப்பு என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறாள். மேல் பாத்தி பச்சைப் பசேலென்று பளபளத்தது. அறுநூறு செடி. நக்கிய ஒன்றிலும் உப்பில்லை.

“என்னத்தம்மா ஊத்தின?”

நாத்தனார் குழாயைப் பார்த்தாள். “நீங்க சொன்னபடி ஒரு குவளை கூட்டி ஒரு நாள் ஊத்தினேன் அண்ணி. தலை தொங்கிப்போச்சு. பாவமா இருந்துச்சு. அதான் நல்ல தண்ணி...”

“பத்து நாளும் பாவமா இருந்துச்சா?”

மறுநாள் காலை நடவுக்குப் படகு வருகிறது. பார்வையிட வந்த அதிகாரிக்கு மேல் பாத்தியைக் கண்டதும் உச்சி குளிர்ந்துவிட்டது.

“இதையே ஏத்திடலாம்மா. என்ன செழிப்பு.”

“அந்தச் செழிப்புதான் சார் வியாதி. கடல் தண்ணி பட்டா ஒரு வாரத்துல சருகாயிடும். எட்டு மாசம் வளத்திருக்கேன்.”

ஓடையை ஒட்டிய கீழ்ப் பாத்திக்கு அழைத்துப் போனாள். குழாய் அதுவரை எட்டாது. நாத்தனாரின் இரக்கமும் எட்டவில்லை. ஓடை நீர் தினமும் தானாக ஏறி நனைத்துவிட்டு இறங்கும். செடிகள் குட்டை குட்டையாக, இலைகள் சாம்பல் பூத்து நின்றன.

“படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பணும்மா. இது நோயாளி மாதிரி இருக்கு.”

“நோயாளி நான்தான் சார். ரெண்டையும் நக்கிப் பாருங்க.”

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். நாத்தனார் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மேல் பாத்தி இலையில் அவர் முகம் மாறவில்லை. கீழ்ப் பாத்தி இலையில் கோணிக்கொண்டது. இருமினார், கைக்குட்டையைத் தேடினார்.

“சரி, இதையே ஏத்துங்க” என்றார்.

மறுநாள் ஆறரைக்குப் படகு வந்தது. கீழ்ப் பாத்தியின் ஐந்நூற்றுப் பத்துச் செடிகளும் போயின. அதிகாரி கொஞ்சம் தள்ளி நின்று படமெடுத்தார். மேல் பாத்திக்கு மறுபடி முதலிலிருந்து, பத்துக்கு ஒரு குவளை ஓடைத் தண்ணீர் கலந்து, நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள். மதியம் இருவரும் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மீட்டரின் டப்பாவில் உப்பில்லாத சோறு. அவள் நான்கு வாய் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் எழுந்து ஓடைக்கரையில் நின்ற அலையாத்தி மரத்துக்குப் போனாள். வந்து, சாம்பல் பூத்த இலை ஒன்றை டப்பா மூடியில் வைத்தாள்.

மீட்டர் அதை எடுத்தாள். நாக்கு நுனியால் ஓர் இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். பிறகு ஓரமாகத் துப்பிவிட்டு, ஐந்தாவது வாய்ச் சோற்றை எடுத்தாள்.