பித்தளை நிறம் பூசிய இரும்புக் கம்பி

ஆமத்தூர்ப் பக்கம் மூன்று தலைமுறையாக நடக்கும் கொல்லுப்பட்டறை ஒன்றைப் பார்க்க இன்று போயிருந்தேன்.

அங்கே என்னோடு டிப்ளமோ படித்தவன் நின்றான். இப்போது ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். குழாயில் வெடிமருந்து திணிக்க இரும்புக் கம்பி கேட்டான்.

"ஏலே, இரும்பு உரசினா பொறி பறக்கும். பித்தளை வாங்குலே" என்றேன்.

"பித்தளை சீக்கிரம் தேயுதுலே. சீசன் நேரம். மேல பித்தளைக் கலர் அடிச்சுட்டா எவனுக்குத் தெரியும்?"

ஆசாரி சம்மட்டியைக் கீழே வைத்தார். "மருந்துக்கு இரும்பு அடிக்க மாட்டேன். கிளம்புங்க தம்பி."

"வேற பட்டறையா இல்ல?" என்று பைக்கைக் கிளப்பிப் போய்விட்டான்.

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாடத்தில் என்னைவிட அதிக மார்க் எடுத்தவன் அவன்.

உங்கள் வீட்டில் யாராவது பட்டாசு வேலைக்குப் போனால், மருந்தைத் தொடுமுன் கம்பியில் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் எந்தக் கம்பெனி என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள், நம்ம ஃபோர்மேன் மாப்பிள்ளையின் கம்பெனி என்றால் நேரில் போய் விசாரிக்கிறேன்.