மொரான்காரர்

கடுகு விழுதுக் குடுவையை இடக்கையால் பற்றிக்கொண்டு ஆன்செல்ம் கதை சொல்கிறார். கதை சூடுபிடிக்கப் பிடிக்கக் குடுவை அவர் பக்கம் நகரும். ஜெர்மன் விமானம் வாலில் தொற்றும் கட்டம் வந்ததும் அது மேசையைத் தாண்டி மடியில் விழுந்துவிடும். மஞ்சள் கறை இல்லாத கால்சட்டை அவரிடம் கிடையாது.

1940-ஆம் ஆண்டுப் போரில் அவர் ஓட்டியது மொரான் என்ற பிரெஞ்சுப் போர் விமானம். மூக்கின் நடுவே பீரங்கி. வயிற்றில் ஏற்றி இறக்கும் ரேடியேட்டர். இறக்கினால் எஞ்சின் குளிரும், வேகம் குறையும். ஏற்றினால் வேகம் கூடும், எஞ்சின் கொதிக்கும். “ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும், கல்யாணம் மாதிரி” என்பார், மனைவி ஒதெத் தொலைவில் இருந்தால்.

மொரானில் வேகம் வேண்டுமென்றால் இடக்கைப் பிடியை இழுக்க வேண்டும். ஆங்கிலேயர் தள்ளினார்கள், ஆகவே பிரெஞ்சுக்காரர்களான நாங்கள் இழுத்தோம். ஒரு தேசத்தின் தன்மானம் எந்தப் பிடியில் குடியிருக்கும் என்று யார் கண்டது?

போர் முடிந்ததும் தீழோன் நகருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தளத்துக்கு ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் வந்தன. தள்ளும் ஜாதி. அவற்றை ஓட்டும் தேர்வில் தேறினால் ஆன்செல்ம் தொடர்ந்து பறக்கலாம். தவறினால் பூட்ஸ் கிடங்கு. தேர்வாளர் கேப்டன் துரூயே, லண்டனில் இருந்துவிட்டுத் தேநீரில் பால் ஊற்றுமளவுக்குச் சீரழிந்து திரும்பியவர்.

“பயப்படாதீங்கண்ணே, கெடங்குல குளிர்காய நல்ல அடுப்பு இருக்கு” என்றார் கேப்டன்.

ஒதெத் இதைக் கேள்விப்பட்டாள். அன்றிலிருந்து அடுப்படி நாற்காலியே விமானம், பூரிக்கட்டை போன்ற மாவுருட்டும் கட்டையே பிடி. அவள் “மேல!” என்றதும் தள்ள வேண்டும். இழுத்தால் அன்று எதிலும் க்ரீம் கிடையாது. எங்கள் புர்கோன் மண்ணில் இதைவிடக் கொடிய தண்டனை இல்லை. அந்த வசந்தத்தில் ஆன்செல்ம் வெகுவாக மெலிந்தார்.

தேர்வு நாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, இறங்கும்வரை. திடீரென்று காற்று செத்தது. விமானம் ஓடுதளத்தை விட்டுவிட்டு நெட்டிலிங்க மரங்களை நோக்கித் தாழ்ந்தது. வேகம் கூட்டியே ஆகவேண்டிய அந்தக் கணத்தில் எஞ்சின் சத்தம் தேய்ந்தது. இழுக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. கேப்டன் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு ஒரு உறுமல். மரக்கிளையில் நாலு இலையைப் பறித்துக்கொண்டு விமானம் எழும்பியது. ஓடுதளத்தில் பூப்போல உட்கார்ந்தது.

“கை இழுக்கத்தான் போச்சு. ‘க்ரீம் இல்ல’ன்னு காதுல ஒரு சத்தம். தள்ளிட்டேன்” என்றார் ஆன்செல்ம்.

கேப்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு, கிடங்குக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார்.

வேலிக்கு அப்பால் நின்ற ஒதெத் புல்வெளியில் ஓடிவந்தாள். ஆன்செல்ம் முகமெல்லாம் பல்லாக எதிர்கொண்டார். ஆனால் புதிதாகப் படித்த இடக்கை முந்திக்கொண்டு அவள் தோளில் பதிந்து, முழு வேகத்துக்குத் தள்ளிவிட்டது. இரண்டடி பின்னால் போன ஒதெத் சமாளித்து நின்றாள்.

“யோவ், நான் மொரான்யா” என்று அவர் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்தாள்.

ஆன்செல்ம் இழுத்தார், பிடி போகுமட்டும்.