மாதா எண்ணெய் பாட்டிலில் ஓர் உண்ணி

போன வாரம் எங்கள் நாய் ஜிம்மிக்கு உண்ணிக் காய்ச்சல். இன்று காலை ஓர் உண்ணி என் இடுப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

டாக்டருக்கு போன் போட்டேன். "நசுக்கிடாதீங்க, உள்ள கிருமி இருக்கும். இடுக்கியால எடுத்து பாட்டில்ல போட்டுக் கொண்டாங்க" என்றார்.

வீட்டில் இறுக்கமான மூடி உள்ள ஒரே குட்டி பாட்டில், மாதா படம் போட்ட, அம்மாவின் வேளாங்கண்ணி எண்ணெய் பாட்டில்தான். அடியில் கிடந்த எண்ணெயை என் முட்டியில் தடவிவிட்டு, கழுவித் துடைத்து உண்ணியைப் போட்டேன்.

டாக்டரைப் பார்க்க அரியாங்குப்பம் போகும் டெம்போவில் பக்கத்தில் வீராம்பட்டினத்து மீன்கார அக்கா, காலிக் கூடையோடு.

"மாதா எண்ணெயாம்மா? முட்டி உயிர் போவுது. ஒரு சொட்டு குடு."

"எண்ணெய் இல்லக்கா. உள்ள நாய் உண்ணி இருக்கு."

"குடுக்க மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லு. மாதா பாட்டில கையில வச்சிக்கினு பொய் சொல்லாத."

மொத்த டெம்போவும் என்னைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். உண்ணி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. எதிர் சீட்டுக்காரர்கள் இருவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்கள்.

அக்கா மட்டும் நகரவில்லை. உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் உயிரோட இருக்குது பாரு. மாதா அதையும் காப்பாத்துறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உண்ணியைப் பாட்டிலோடு வாங்கி வைத்துக்கொண்டு, காய்ச்சல் வருகிறதா என்று இரண்டு வாரம் பார்க்கச் சொன்னார் டாக்டர். பாட்டில் எங்கே என்று அம்மா கேட்க அவ்வளவு நாள் ஆகாது.

இந்த வாரம் யாராவது வேளாங்கண்ணி போகிறீர்களா?