மாற்றி எழுதிய தொலைபேசி இலக்கம்

கணவர் இறந்த கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என்னிடம் படிவமொன்றை நீட்டினாள். அவரைக் கொண்டுபோன அபூர்வப் புற்றுநோயை ஆராய ஓர் அறக்கட்டளை காசு கொடுக்கிறதாம். அவரிடமிருந்து வெட்டியெடுத்த கட்டியைப் பரிசோதிக்கச் சம்மதம் வேண்டுமாம். சும்மா யார் காசு கொடுப்பார்கள்? நிவாரணம், நட்டஈடு என்று படிவம் நிரப்பியே சலித்த ஊர் எங்களுடையது. அவளை அனுப்பினால் போதுமென்று கையெழுத்து வைத்தேன். விலாசத்தில் ‘கீரி’ என்று ஊர்ப் பெயரை மட்டும் எழுதினேன். தொலைபேசி இலக்கத்தின் கடைசி எண்ணை வேண்டுமென்றே மாற்றினேன்.

மூன்று மாதம் கழித்து, வீடு வீடாக விசாரித்து எங்கள் படலைக்கு வந்துவிட்டாள். திறக்காமலே கேட்டேன்: “இன்னும் என்ன வேணும்?”

“எத்தினை தரம் போன் எடுத்தனாங்கள், அக்கா! இது பரம்பரையா வாற வருத்தமாம். உங்கட மகனை உடன செக் பண்ண வேணும்.”

படலையின் கொழுக்கி என் கைக்கு அகப்படவேயில்லை.

மகனின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. தெரியாத நம்பர் என்றாலும் இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறேன்.