இரண்டாவது ஜெனரேட்டருக்கு நான் சொன்ன சிபாரிசு

1. உறைந்த உலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்தேன். ஒரு நாள் காலை, ஃபர்னஸில் இரும்பு உருகி ஊற்றுவதற்குத் தயாராக இருந்தபோது கரண்ட் போய்விட்டது. எங்களிடம் இருந்த சின்ன ஜெனரேட்டர் கூலிங் பம்புக்குத்தான் போதும். கிரேன் ஓடவில்லை, அதனால் ஊற்ற வழியில்லை. இரும்பு உள்ளேயே கட்டியாக உறைந்தது. அதை உடைத்து எடுக்க ஆறு பேருக்கு நான்கு நாள் ஆனது.

2. மேனேஜர் அறையில்

ஒர்க்ஸ் மேனேஜர் என்னையும், புதிதாகச் சேர்ந்த எஞ்சினியர் இளங்கோவையும் கூப்பிட்டார். இளங்கோ ஒரு திட்டத்தோடு வந்திருந்தார்.

"சார், நாலு கம்பெனி சேர்ந்து தெற்கே காத்தாலை போடலாம். அந்தக் கரண்டை மின்சார போர்டு லைன் வழியாவே எடுத்துக்கலாம். ஃபர்னஸைக் காப்பாத்துறதுக்கு மட்டும், கிரேன் ஓடுற அளவுக்கு ஒரு டீசல் செட் போதும்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "முனிராஜ், நீ சொல்லுப்பா. அனுபவஸ்தன்."

"காத்து அங்க அடிக்கும் சார், கரண்ட் கட் இங்க ஆகும். லைனே செத்துட்டா காத்தாலை இருந்து என்ன பண்றது? ஃபர்னஸையே ஓட்டுற மாதிரி பெரிய டீசல் செட் ஒண்ணு போட்டுடுங்க."

இளங்கோ விடவில்லை. "நிலக்கரி பத்தலைன்னு கட் பண்றாங்க. நாம ஆளாளுக்கு டீசலை எரிச்சு சமாளிச்சுக்கிட்டா, வேற வழிய யாருண்ணா தேடுவாங்க?"

"அது கவர்மெண்ட் வேலை தம்பி. நமக்கு நாளைக்கு ஃபர்னஸ் ஓடணும்."

மேனேஜர் சிரித்துவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டெக்னிக்கலாக நான் சொன்னதில் தப்பும் இல்லை. இளங்கோ அந்த வருஷமே வேலையை விட்டுப் போனார்.

3. பாஷா பாய்

ஜெனரேட்டர் ஆபரேட்டர் பாஷா பாயை வேலைக்குக் கூட்டி வந்ததே நான்தான். குருபரப்பள்ளியில் ரோட்டோரம் லாரி எஞ்சின் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். புது செட்டையும் பழைய தகர ஷெட்டிலேயே இறக்கினார்கள். கட் கூடக்கூட, இரண்டு எஞ்சினுக்கும் நடுவில் முழு ஷிப்ட்டும் நின்றார். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு.

"அண்ணா, நடுவுல ஒரு சுவராச்சும் எழுப்பச் சொல்லுங்க. வீட்டுக்குப் போனாலும் காதுக்குள்ள ஓடிட்டே இருக்குது."

மேனேஜரிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம் பாய் டீக்கடையிலும் கத்தித்தான் பேசினார். ஒரு மத்தியானம் பெரிய செட்டில் ஆயில் பிரஷர் இறங்கி அலாரம் அடித்தது. ஃபர்னஸ் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. பேனலுக்கு முதுகைக் காட்டி டேங்கில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்த அவருக்குக் கேட்கவில்லை. நான் ஓடிப் போவதற்குள் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது.

ரிப்போர்ட் எழுதும் வேலை என்னுடையது. அவருக்குக் காது போய்விட்டது என்று எழுதினால், ஏன் போனது, அந்த செட்டைக் கேட்டது யார், சுவர் ஏன் வரவில்லை என்று கேள்வி என்னிடம்தான் வரும். "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

கேட்டில் என்னைப் பார்த்ததும் வந்தார். "அண்ணா, ரிப்போர்ட்ல என்ன எழுதினீங்க?"

"உங்க தப்புன்னு எழுதிட்டேன் பாய்."

அவருக்குக் கேட்கவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லபடியாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்ண்ணா. நீங்க விட்டுக்குடுக்க மாட்டீங்க."

நான் இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லவில்லை.

நான் ரிட்டையர் ஆகும்போது எங்கள் ரோட்டில் ஜெனரேட்டர் இல்லாத கம்பெனி இல்லை. எங்கள் கம்பெனியில் காற்றாலைப் பேச்சை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. இப்போது மீட்டிங்கில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு யோசனையை வேண்டாம் என்று சொல்ல நியாயமான காரணம் எப்போதும் கிடைக்கும். அதற்குப் பதிலாக வருவதன் பக்கத்தில் முழு ஷிப்ட்டும் நிற்கப் போகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள். அந்த அறையில் நான் கேட்கவில்லை. பிறகு கேட்டு ஒன்றும் ஆகவில்லை.